கடல் அலையில இருந்து கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலை மின்சாரம்னு பேச்சு எடுத்தாலே ஒரே மாதிரி கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருது, அதுலயும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்துட்டு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கற பசங்கதான் அதிகம் கேக்கறாங்க. நான் படிச்சது கடல்சார் பொறியியல், அலைத் தொட்டி பக்கத்துல நின்னு கொஞ்ச காலம் மாடல் டெஸ்ட் பண்ணியிருக்கேன், அந்த அனுபவத்துல இதை எழுதறேன். டெஸ்டிங் பத்தின பதில்கள் நீளமா இருக்கும், ஏன்னா இந்தத் துறையில முக்கால்வாசி வேலை அதுதான்.

அலை மின்சாரம், ஓத மின்சாரம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லைங்க, ரெண்டும் வேற வேற. ஓதம்ங்கறது நிலாவும் சூரியனும் இழுக்கறதால கடல் மட்டம் ஏறி இறங்கறது, அது எந்த நாள் எத்தனை மணிக்குன்னு பல வருஷத்துக்கு முன்னாடியே கணக்குப் போட்டு சொல்லிடலாம். அலை காத்தால வர்றது. ஆனா நம்ம கரையில அடிக்கற காத்தால மட்டும் வர்றது இல்ல, தெக்க ரொம்ப தூரத்துல சதர்ன் ஓஷன்ல ஒரு புயல் அடிச்சா அந்த அலை பல நாள் பயணம் பண்ணி கேரளா, கன்னியாகுமரி கரைக்கு வந்து சேரும். காத்தே இல்லாத வெயில் நாள்ல திடீர்னு கடல் ஏறி வீட்டுக்குள்ள வருதே, கள்ளக்கடல்னு சொல்லி எச்சரிக்கை விடறாங்களே, அது இதுதான். அதாவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் அலை தன் சக்தியைப் பெருசா இழக்கறது இல்ல, இந்த விஷயம்தான் 50 வருஷமா இன்ஜினியர்களை இது பின்னாடி ஓட வைக்குது.

ஒரு அலைக்குள்ள எவ்வளவு கரண்ட் இருக்கு?

மனசுலயே போடற மாதிரி ஒரு கணக்கு இருக்கு. அலை உயரத்தை மீட்டர்ல எடுத்து அதை அதாலயே பெருக்குங்க, அப்புறம் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடின்னு பாத்து அதாலயும் பெருக்குங்க, கடைசில பாதியாக்குங்க. வர்றது ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை கிலோவாட்ங்கறது. ஆழமான கடலுக்கு இது ஏறக்குறைய சரியா வரும் (உயரம்னா இங்க பெரிய அலைகள்ல மூணுல ஒரு பங்கோட சராசரி, கண்ணுக்குத் தெரியற ஏதோ ஒரு அலை இல்ல). 2 மீட்டர் உயரம், 8 விநாடின்னா 16 கிலோவாட். 1 மீட்டர், 8 விநாடின்னா 4 தான். உயரம் பாதியானா சக்தி கால்வாசி ஆயிடுது பாருங்க.

இப்போ அதையே புயலுக்குப் போடுங்க: 10 மீட்டர், 14 விநாடி. 700 கிலோவாட் வருது, அதே ஒரு மீட்டர் அகலத்துக்கு. 16 கிலோவாட்ல சம்பாதிக்கணும், 700 கிலோவாட்ல உடையாம நிக்கணும், ரெண்டையும் ஒரே கருவி பண்ணணும். இந்தத் துறையோட கஷ்டம் மொத்தமும் இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலதான் இருக்கு, மீதி பதில்களைப் படிக்கும்போது இதை ஞாபகத்துல வச்சுக்கங்க.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து மாதிரி அட்லாண்டிக் பாத்த கரைகள்ல வருஷ சராசரி மீட்டருக்கு 40-ல இருந்து 70 கிலோவாட் வரைக்கும் சொல்றாங்க. நம்ம நாட்டுக் கரையில பெரும்பாலும் 5-ல இருந்து 15-க்குள்ள.

அப்போ இந்தியாவுக்கு இது சரிப்படாதா? 41,000 மெகாவாட் இருக்குன்னு படிச்சேனே?

அந்த 41,000 மெகாவாட் சொச்சம் ஐஐடி மெட்ராஸும் கிரிசில்ங்கற ஆய்வு கம்பெனியும் சேர்ந்து 2014-ல கொடுத்த அறிக்கையில வந்த நம்பர், அது ஏட்டளவுல உள்ள மொத்தம், எடுக்கக்கூடியது இல்ல. அதை வச்சு ஹெட்லைன் போடறவங்களை நம்பாதீங்க. ஆனா சக்தி கம்மிங்கறதை மட்டும் வச்சு ஒதுக்கவும் கூடாதுன்னு நான் நினைக்கறேன். அட்லாண்டிக்ல சராசரி அதிகம், கூடவே குளிர்கால புயலும் பயங்கரம். நமக்கு சராசரி கம்மி, ஆனா தென்மேற்குப் பருவத்துல குளச்சல், முட்டம், விழிஞ்ஞம் பக்கமெல்லாம் மாசக்கணக்கா நல்லா வேலை செய்யற அலை இருக்கு. பாக் நீரிணைப் பக்கம் இலங்கை மறைச்சுக்கறதால அலை சின்னது, அங்க இது வேலைக்கு ஆகாது. கிழக்குக் கரையில புயல் சீசன்னு ஒண்ணு இருக்கு, அதைத் தனியா யோசிக்கணும்.

கருவி எப்படி இருக்கும்? காத்தாலை மாதிரி ஒரே டிசைன் இல்லையா?

இல்ல, அதுதான் பெரிய தலைவலி. காத்தாலைன்னா மூணு இறக்கைன்னு உலகமே ஒத்துக்கிட்டாச்சு. அலைக்கு இன்னும் அந்த முடிவு வரல.

ஒரு வகை, அடியில திறந்த கான்கிரீட் அறை. அலை உள்ள ஏறும்போது மேல உள்ள காத்தை வெளிய தள்ளும், இறங்கும்போது உள்ள இழுக்கும், அந்தக் காத்து போற வழியில டர்பைன் இருக்கும். காத்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில சுத்தற டர்பைன் வேணும் இல்லையா, அதை 1970-கள் கடைசியில பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் யுனிவர்சிட்டியில ஆலன் வெல்ஸ் கண்டுபிடிச்சார், அதனால வெல்ஸ் டர்பைன்னே பேர். இந்த வகையில அசையற உறுப்பு எதுவும் கடல் தண்ணிக்குள்ள இல்ல, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச டிசைன்.

இன்னொரு வகை மிதவை, ஏறி இறங்கும்போது கீழ நங்கூரத்துக்கும் மேல மிதவைக்கும் நடுவுல உள்ள இழுப்புல ஜெனரேட்டர் ஓடும். அப்புறம் பாம்பு மாதிரி நீளமா மிதந்து மூட்டு மூட்டா வளையறது, கடலடித் தரையில கீல் போட்டு கதவு மாதிரி முன்னும் பின்னும் ஆடறது, அலையை ஒரு தொட்டிக்குள்ள வழிய விட்டு அந்தத் தண்ணியை கீழ இறக்கி டர்பைன் சுத்தறது, இப்படிப் போகுது.

டெஸ்டிங்கை எங்க இருந்து ஆரம்பிப்பாங்க? நேரா கடல்ல போட்டுப் பாக்க மாட்டாங்களா?

நேரா கடல்ல போட்டா காசும் போகும், எதனால போச்சுன்னும் தெரியாது. முதல்ல கணக்கு, கம்ப்யூட்டர் சிமுலேஷன், அப்புறம் அலைத் தொட்டி. ஐஐடி மெட்ராஸ்ல 72.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துல ஒரு தொட்டி இருக்கு, ஒரு முனையில துடுப்பு மாதிரி ஒரு பலகை முன்னும் பின்னும் போய் அலை உண்டாக்கும். எடின்பரோல 2014-ல திறந்த ஃப்ளோவேவ்ங்கறது வட்டமான தொட்டி, 25 மீட்டர் விட்டம், சுத்தி 168 துடுப்பு, எந்தத் திசையில இருந்து வேணாலும் அலை வர வைக்கலாம், கூடவே நீரோட்டமும் சேக்கலாம். நிஜக் கடல்ல அலை ஒரே பக்கம் இருந்து வர்றது இல்லையே, அதனால அந்த வட்டம் ரொம்ப முக்கியம்.

இங்க ஒரு விஷயத்தை நிதானமா சொல்றேன், இதைப் புரிஞ்சுக்காம நிறைய ப்ராஜெக்ட் தப்பாப் போகுது. மாடல் 20-ல ஒரு பங்கு சைஸ்னா 2 மீட்டர் அலை 10 சென்டிமீட்டர் ஆகும், சரி. 8 விநாடி இடைவெளி 20-ல ஒரு பங்கு ஆகாது, அதோட வர்க்கமூலத்தால குறையும், அதாவது 1.8 விநாடி. விசை 8,000-ல ஒரு பங்கு. பவர் ஏறக்குறைய 36,000-ல ஒரு பங்கு! கடல்ல 100 கிலோவாட் தரப் போற கருவி தொட்டியில வெறும் 2.8 வாட்தான் தரும், ஜீரோ வாட்ஸ் பல்பைக் கூட ஒழுங்கா எரிய வைக்க முடியாது. அந்த 2.8-ல ஒரு வாட்டை மாடலோட பேரிங் உராய்வே தின்னுடுச்சுன்னா? அந்த உராய்வு அதே விகிதத்துல சின்னதாகாது, அதனால உங்க ரிசல்ட்ல மூணுல ஒரு பங்கு பொய்.

எனக்கு இது நடந்திருக்கு. ஒரு மிதவை மாடல், ஆரஞ்சு கலர் பெயிண்ட், வயித்துல ஈயக் கட்டி வச்சு பேலன்ஸ் பண்ணியிருந்தோம். ஒவ்வொரு ரன்னும் மூணு நிமிஷம், ஆனா அலையை நிறுத்தின பிறகு தண்ணி முழுசா அடங்கக் கால் மணி நேரம் காத்திருக்கணும், பழைய அலை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அடுத்த ரீடிங் கெட்டுடும், கண்ணுக்கு அடங்கின மாதிரி தெரியும் ஆனா சென்சார் கோடு இன்னும் லேசா ஆடிட்டே இருக்கும். இப்படி ஒரு நாள் முழுக்க எடுத்த ரீடிங் எல்லாமே எதிர்பார்த்ததுல பாதிதான். டிசைன் தப்புன்னு முடிவு பண்ற நிலைமைக்கே வந்துட்டோம். அப்புறம் ஒருத்தர் மாடலை வெளிய எடுத்து கையால மெதுவா ஆட்டிப் பாத்தார், ஒரு இடத்துல சொரசொரன்னு பிடிச்சுது, பேரிங் இருக்கற உறையில துளி மணல் போயிருந்தது. கழுவி மாட்டினதும் ரீடிங் ஏறிடுச்சு. அதுல இருந்து தண்ணிக்குள்ள விடறதுக்கு முன்னாடி வெறும் உராய்வை மட்டும் தனியா அளந்து எழுதி வைக்காம நான் எந்த ரன்னும் எடுத்தது இல்ல.

காத்து அறை வகைக்கு இன்னொரு சிக்கல். காத்து அமுங்கும், ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், ஆனா சின்ன மாடல்ல அந்த அமுங்கற குணம் சரியா வராது, ஏன்னா வெளிக்காத்தோட அழுத்தத்தை நாம சின்னதாக்க முடியாதே. அதனால தண்ணிக்கு மேல உள்ள காத்து அளவை மட்டும் வேற விகிதத்துல பெருசா வைக்கணும், மாடலுக்குப் பக்கத்துல ஒரு டிரம்மைக் குழாயால இணைச்சு வைப்பாங்க. இதை விட்டுட்டா தொட்டியில சூப்பரா வரும், கடல்ல வராது.

தொட்டியில நல்லா வந்தா போதாதா? ஏன் கடல்ல போய் அடி வாங்குது?

தொட்டியில நல்லா வர்றது புதுசே இல்ல. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் எடின்பரோ யுனிவர்சிட்டியில ஸ்டீஃபன் சால்ட்டர் வாத்துன்னு பேர் வச்ச ஒரு கருவி செஞ்சார், 1974-ல அதைப் பத்தி நேச்சர் இதழ்ல எழுதினார். தொட்டியில அது வர்ற அலை சக்தியில 80 சதவீதத்துக்கு மேல உறிஞ்சிச்சு, பின்பக்கம் தண்ணி கண்ணாடி மாதிரி அசையாம கிடக்கும். ஆனா பிரிட்டன் அரசு 1980-களோட தொடக்கத்துலயே அந்தத் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்திடுச்சு, முழு சைஸ் வாத்து கடலைப் பாக்கவே இல்ல.

தொட்டியில இல்லாதது கடல்ல என்னெல்லாம் இருக்குன்னு பாருங்க. உப்பு, துரு, பாசி, கொட்டலசு (கடல்ல கிடக்கற எதுலயும் ஒட்டி வளர்ற ஓட்டு உயிர்). ரெண்டு மாசம் கடல்ல கிடந்த நங்கூரக் கயிறைத் தூக்கிப் பாத்திருக்கீங்களா, கை வைக்க முடியாது, கத்தி மாதிரி கிழிக்கும், கயிறோட கனமே பல மடங்கு ஆயிருக்கும். அந்தக் கனம் மிதவையோட ஆட்டத்தை மாத்திடும், நீங்க டிசைன் பண்ணின ஆட்டம் அது இல்ல. அப்புறம் அலை எட்டு விநாடிக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 40 லட்சம் தடவை ஒவ்வொரு வெல்டும் ஒவ்வொரு கேபிளும் வளைஞ்சு நிமிருது. ரிப்பேருக்குப் போகணும்னா கடல் அமைதியா இருக்கணும், நல்ல அலை இருக்கற இடம்னு தேடிப் பிடிச்சு வச்சதே அங்க கடல் அமைதியா இருக்காதுங்கறதாலதான். ஒரு சின்ன சென்சார் போனாலும் பல வாரம் காத்திருக்கணும்.

உலகத்துல எங்க டெஸ்ட் பண்றாங்க?

முதல்ல சொல்ல வேண்டியது ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கற ஆர்க்னி தீவு. அங்க ஸ்ட்ரோம்னெஸ்ங்கற சின்ன ஊர்ல 2003-ல ஐரோப்பிய கடல் ஆற்றல் மையம் தொடங்கினாங்க, சுருக்கமா ஈமெக்னு சொல்லுவாங்க. அவங்க பண்ணின புத்திசாலித்தனம் என்னன்னா, கருவி எதையும் சொந்தமா செய்யல. பில்லியா குரூங்கற இடத்துல கடலுக்குள்ள கேபிள் போட்டு கரையில கிரிட்டோட (ஊருக்குக் கரண்ட் கொண்டு போற மின் இணைப்பு வலை) இணைச்சு, அலையை அளக்கற மிதவைகளை வச்சு, அனுமதிகளுக்கான ஆரம்ப வேலையையும் முடிச்சு வச்சாங்க, நீங்க உங்க கருவியைக் கொண்டு வந்து பிளக் பண்ணினா போதும். சின்ன மாடலுக்கு அமைதியான வேற தளம் ஸ்காப்பா ஃப்ளோல தனியா இருக்கு. முக்கியமா, நம்பரை கம்பெனி சொல்றது இல்ல, மூணாவது ஆளா அவங்க அளந்து சொல்றாங்க.

2004-ல பெலாமிஸ்ங்கற பாம்பு மாதிரி கருவி அங்கதான் கரண்ட்டை பிரிட்டன் கிரிட்டுக்கு அனுப்பிச்சு, நடுக்கடல் அலைக் கருவியில அதுதான் முதல். 120 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் விட்டம், 750 கிலோவாட். பேரே ஒரு கடல் பாம்போட அறிவியல் பேர்தான், மஞ்சள் வயித்துப் பாம்பு, நம்ம கடல்லயும் உண்டு. 2008-ல போர்ச்சுகல்ல அகுசாடோராங்கற இடத்துல மூணு பெலாமிஸ் போட்டாங்க, மொத்தம் 2.25 மெகாவாட். சில மாசத்துலயே பேரிங் பிரச்சினை, அதே நேரத்துல பணம் போட்ட பெரிய கம்பெனி உலக நிதி நெருக்கடியில சரிஞ்சுது, மூணையும் கரைக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க, திரும்பப் போகவே இல்ல. 2014-ல கம்பெனியும் திவால் ஆச்சு. ஆர்க்னில ஆய்ஸ்டர்னு கடலடியில கதவு மாதிரி ஆடற கருவி ஓடிட்டு இருந்துச்சு, அந்தக் கம்பெனியும் 2015-ல மூடியாச்சு.

இதைக் கேட்டுட்டு தோத்துப் போன டெக்னாலஜின்னு சொல்றவங்க நிறைய. நான் அப்படிப் பாக்கல. பெலாமிஸ் கடல்ல கிடந்த ஒவ்வொரு மணி நேரமும் எந்தத் தொட்டியாலயும் தர முடியாத தகவல். ஸ்காட்லாந்து அரசு அதைப் புரிஞ்சுக்கிட்டு வேவ் எனர்ஜி ஸ்காட்லாந்துன்னு ஒரு அமைப்பு தொடங்கி, அந்த அறிவை வாங்கிப் பத்திரப்படுத்தினாங்க. அதுக்கப்புறம் பணம் கொடுக்கற முறையையும் மாத்திட்டாங்க: ஒரே கம்பெனிக்கு மொத்தமாக் கொட்டாம பல குழுக்களுக்கு சின்னதா கொடுத்து, டெஸ்ட்ல தேறினவங்க மட்டும் அடுத்த கட்டம். முழுக் கருவியையும் ஒரே அடியா செய்யாம, ஜெனரேட்டர் பகுதி தனி, கன்ட்ரோல் தனி, எந்தப் பொருள்ல செய்யறதுங்கறது தனின்னு பிரிச்சு டெஸ்ட் பண்ண வச்சாங்க.

அப்போ ஒழுங்கா நீண்ட நாள் ஓடினது எதுவுமே இல்லையா?

இருக்கு, ஆனா கரையில. ஸ்பெயின்ல பாஸ்க் பகுதியில முட்ரிக்குங்கற மீன்பிடி ஊர்ல துறைமுக அலைத்தடுப்புச் சுவர் எப்படியும் கட்ட வேண்டியிருந்தது, அதுக்குள்ளயே காத்து அறைகளை வச்சுட்டாங்க. 16 டர்பைன், மொத்தமே 296 கிலோவாட், 2011-ல ஆரம்பிச்சுது. புது டர்பைன்களை மாட்டி டெஸ்ட் பண்ற இடமாவும் அதைப் பயன்படுத்தறாங்க. சுவர் செலவு துறைமுகத்தோடது, ரிப்பேர்காரர் நடந்தே போகலாம். இதே மாதிரி ஸ்காட்லாந்து ஐலா தீவுல 2000-ல லிம்பெட்னு ஒண்ணு பாறையில கட்டினாங்க, அதுவும் பத்து வருஷத்துக்கு மேல ஓடிச்சு.

இந்தியாவுல யாராவது செஞ்சிருக்காங்களா?

செஞ்சிருக்காங்க, அதுவும் ஈமெக் பிறக்கறதுக்கு பல வருஷம் முன்னாடி! நம்ம ஆளுங்க பலருக்கே தெரியாதுங்கறதுதான் எனக்கு ஆத்தாமை.

1983-ல ஐஐடி மெட்ராஸ்ல அலை ஆற்றல் குழு ஆரம்பிச்சாங்க. எந்த வகை நமக்கு சரிப்படும்னு பாத்து காத்து அறை வகையைத் தேர்ந்தெடுத்தாங்க. திருவனந்தபுரம் பக்கத்துல விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தோட அலைத்தடுப்புச் சுவருக்கு வெளிய, சுமார் 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டியை 1990 டிசம்பர்ல கடலடியில உக்கார வச்சாங்க. 3,000 டன் பெட்டியை மிதக்க விட்டு இழுத்துட்டுப் போய் சரியான இடத்துல இறக்கறது சின்ன விஷயம் இல்ல, இதே மாதிரி ஒரு வேலையில 1995-ல ஸ்காட்லாந்து டூன்ரே கரையில ஆஸ்ப்ரேங்கற கருவி இடத்துல உறுதியா உக்காரும் முன்னாடியே அலை அடிச்சு அழிஞ்சு போச்சு. விழிஞ்ஞம் உக்காந்துச்சு. 1991 அக்டோபர்ல 150 கிலோவாட் ஜெனரேட்டரோட வெல்ஸ் டர்பைன் ஓட ஆரம்பிச்சு கேரளா கிரிட்டுக்குக் கரண்ட் போச்சு.

அங்க கத்துக்கிட்டது ஏராளம். 150 கிலோவாட்னு போர்டு இருந்தாலும் தென்மேற்குப் பருவ மாசங்களுக்கும் டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் உள்ள மாசங்களுக்கும் நடுவுல ரொம்ப வித்தியாசம். ஒரு அலைக்குள்ளயே பவர் ரெண்டு தடவை உச்சத்துக்குப் போய் ரெண்டு தடவை பூஜ்யத்துக்கு வரும், அதை அப்படியே கிரிட்டுக்குக் கொடுத்தா கிரிட் தாங்காது, அலை சின்னதா இருக்கும்போது ஜெனரேட்டர் கரண்ட் தர்றதுக்குப் பதிலா கிரிட்ல இருந்தே இழுக்க ஆரம்பிச்சுடும். வெல்ஸ் டர்பைனுக்குப் பதிலா இம்பல்ஸ் டர்பைன்னு வேற வகை டர்பைன் மாட்டி ஒப்பிட்டுப் பாத்தாங்க. பிறகு சென்னையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், நாம எல்லாரும் என்ஐஓடின்னு சொல்றது, 2004-ல அதே இடத்துல அலைக் கரண்ட்டை வச்சு ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்திக் காட்டினாங்க. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பெருசாப் படுது. தண்ணிக்கு மின்னல் வேகத்துல ஏறி இறங்கற பவர் பெரிய பிரச்சினை இல்ல, தொட்டியில சேத்து வச்சுக்கலாம், மீனவ கிராமத்துக்கு வேண்டியதும் அதுதான்.

2011-ல அதை நிறுத்திட்டாங்க. அந்த இடத்தையே நிரந்தர டெஸ்ட் தளமா மாத்தி, கேபிளும் அளவு கருவியும் அப்படியே வச்சு, எந்தக் காலேஜ் டீமும் வந்து தங்களோட டர்பைனை மாட்டிப் பாக்கற மாதிரி விட்டிருந்தா இன்னைக்கு நம்ம கையில முப்பது வருஷ டேட்டா இருந்திருக்கும்.

தூத்துக்குடியில கூட ஏதோ டெஸ்ட் பண்ணினாங்களே?

ஆமா, சிந்துஜா 1. ஐஐடி மெட்ராஸ் கடல்சார் பொறியியல் துறையில பேராசிரியர் அப்துஸ் சமத் குழு, 2022 நவம்பர்ல தூத்துக்குடி கரையில இருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்துல இறக்கினாங்க. மிதவை ஏறி இறங்க, நடுவுல நீளமான தண்டு, தண்டு கடலடித் தரையோட கட்டியிருக்கும். 100 வாட்.

நூறு வாட்டான்னு கேக்காதீங்க. இந்தக் கட்டத்துல பாக்க வேண்டியது எவ்வளவு வந்துச்சுங்கறது இல்ல, சொன்னபடி வந்துச்சா, கட்டு நின்னுச்சா, தூக்கி எடுக்க முடிஞ்சுதாங்கறதுதான். அதோட 100 வாட்டுக்கே கடல்ல வாடிக்கையாளர் உண்டு. வானிலை மிதவை, அலை அளக்கற சென்சார், துறைமுகத்துக்கு வழி காட்டற விளக்கு மிதவை எல்லாம் அந்த அளவுல ஓடறதுதான். என்ஐஓடி செஞ்ச அலையில ஓடற வழிகாட்டி மிதவை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல போடப்பட்டுச்சு. ஜப்பான்ல யோஷியோ மசுடா 1960-கள்லயே இந்த வழியிலதான் போனார், அலைக் கருவியில காசு கொடுத்து வாங்கின முதல் சரக்கே விளக்கு மிதவைதான்.

புயல் வந்தா என்ன பண்ணும்?

பழைய எண்ணம், உடையாத அளவுக்கு கனமா கட்டறது. அது விலையை ஏத்திடுது. இப்போ யோசனை வேற, புயல்ல அலைக்கு வழி விட்டுடறது. ஸ்வீடன் கம்பெனி கார்பவர் 2023-ல பெலாமிஸ் போன அதே அகுசாடோரா கடல்ல சி4-ன்னு ஒரு மிதவையை இறக்கினாங்க, 300 கிலோவாட், 9 மீட்டர் விட்டம். சாதாரண நாள்ல அலையோட தாளத்துக்குச் சேர்ந்து பெருசா ஆடற மாதிரி கன்ட்ரோல் பண்ணுது, புயல்ல அந்த தாளத்தைக் கலைச்சுடுது, மிதவை கிட்டத்தட்ட அசையாம நிக்குது. அந்த வருஷக் கடைசில வந்த புயல்கள்ல 18.5 மீட்டர் அலையைத் தாங்கிச்சுன்னு சொன்னாங்க. ஆறு மாடி உயரம். காத்தாலை பெருங்காத்துல இறக்கையைத் திருப்பிக்குதே, அதே புத்திதான். இந்தத் துறையில கடந்த பத்து வருஷத்துல எனக்கு நம்பிக்கை கொடுத்த செய்தின்னா இதைத்தான் சொல்லுவேன்.

மீனவர்களுக்குப் பிரச்சினை வராதா?

வரும், மழுப்பறதுக்கு இல்ல. கருவி இருக்கற இடத்துல வலை போட முடியாது, நங்கூரக் கயிறுல வலை மாட்டும், ராத்திரி போட்டுக்கு இடைஞ்சல். அதனால இடம் தேர்ந்தெடுக்கற கூட்டத்துல மீனவ ஊர்க் கமிட்டி முதல் நாளே உக்காரணும், எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டுக் கையெழுத்துக் கேக்கறது இல்ல. அதுல இன்னொரு லாபமும் இருக்கு. கச்சான் (மேற்குக் காத்து) எப்போ ஏறும், கொண்டல்ல (கிழக்குக் காத்து) கடல் எப்படிப் புரளும், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும்ங்கறது அவங்களுக்கு உள்ளங்கை ரேகை, கருவியை இறக்கற நாளைக் குறிக்கறதுக்கு அந்த அறிவு வேணும். ஆர்க்னிலயும் உள்ளூர் போட்டுக்காரங்கதான் இழுக்கறதும் இறக்கறதும், அந்த ஊர்ல இது ஒரு தொழிலாவே ஆயிடுச்சு.

யூனிட் விலை எப்போ சோலார் அளவுக்கு வரும்?

பக்கத்துல இல்ல. சோலார் கோடிக்கணக்கான பேனல் செஞ்சு விலையை இறக்கிச்சு, அலைக் கருவி உலகம் முழுக்க இன்னும் ஒத்தை ஒத்தையாதான் செய்யறாங்க. கிரிட்டுக்கு விக்கறதுக்கு முன்னாடி டீசல் எரிக்கற தீவு, கடல் நடுவுல உள்ள மிதவை, குடிதண்ணி, இப்படி கரண்ட் ஏற்கனவே விலை அதிகமா இருக்கற இடங்கள்லதான் இது முதல்ல கால் ஊன்றும்ங்கறது என் கணிப்பு. 2019-ல கடல் ஆற்றலையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்குல மத்திய அரசு சேத்துக்கிச்சு, அது ஒரு வாசல்.

கம்பெனி '1 மெகாவாட்'னு சொன்னா என்ன கேக்கணும்?

எந்த அலையில, எத்தனை மணி நேரம், யார் அளந்தாங்க? இந்த மூணும் போதும். நியாயமான டெஸ்ட்னா அலை உயரம் ஒரு பக்கம், இடைவெளி ஒரு பக்கம்னு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் சராசரி பவர் எவ்வளவுன்னு நிரப்பியிருப்பாங்க. அதுக்கு சர்வதேச அளவுமுறை இருக்கு. அந்தக் கட்டம் இல்லாம உச்ச நம்பர் ஒண்ணு மட்டும் சொன்னா, ஒரு நொடி வந்த நம்பரா இருக்கலாம்.

நான் ஸ்டூடண்ட், பட்ஜெட் இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கருவியில ஆரம்பிக்காதீங்க. உங்க ஊர்க் கரையில ஒரு இடத்தைப் பிடிங்க, தூண்டில் வளைவோ (கடலுக்குள்ள நீட்டிக் கட்டின கல் தடுப்பு) பாலமோ பழைய தூணோ, எதுல அளவுக் கோடு தெரியுமோ அது. உள்ளூர் ஆளுங்க பாதுகாப்புன்னு சொல்ற இடத்துல மட்டும் நின்னு, போன்ல இருபது நிமிஷம் அசையாம வீடியோ எடுங்க. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அலையோட உச்சி, பள்ளம், நேரம் மூணையும் எக்செல்ல போடுங்க. 150 அலை கிட்ட வரும். பெரியதுல இருந்து சின்னதுக்கு வரிசைப்படுத்தி மேல உள்ள 50-க்கு சராசரி எடுத்தா அதுதான் உங்க அலை உயரம், மேல சொன்ன கணக்குல போட்டுப் பாருங்க (கரையோரம் ஆழம் கம்மிங்கறதால தோராயமாதான் வரும், ஒப்பிட்டுப் பாக்க அது போதும்). இதையே மாசத்துக்கு நாலு தடவை, ஒரு வருஷம். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாள்ல மட்டும் கரைக்குப் போகாதீங்க, அந்த நாளைக் காலியா விட்டு தேதியை மட்டும் குறிச்சு வையுங்க.